புரையும் கலமும்: பூஞ்சை படர்ந்த மரத்தில் கடைந்த குடைவுக்கலங்கள் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

'புரை' என்னும் தமிழ்ச்சொல் பல பொருள் ஒரு சொல். உட்டுளை என்பது அதன் ஒரு பொருள். குற்றம் என்பது மற்றொரு பொருள். தொல்காப்பிய உரியியல் இச்சொல்லுக்கு உயர்வு என்னும் பொருளையும் கூறுகிறது. இன்றைய வழக்கில் எஞ்சி நிற்பவை பெரும்பாலும் முதலிரண்டு பொருள்களே. 'புரையோடிய புண்' என்று நாம் கூறும்போது உள்ளே குடைவு இருப்பதையும் அது கேடு என்பதையும் ஒரே சொல்லால் உணர்த்திவிடுகிறோம். 'பொத்து' என்னும் சொல்லும் இவ்வாறே மரப்பொந்தையும் குற்றத்தையும் ஒருங்கே சுட்டும். உள்ளே வெறுமையாய் இருப்பது குறையுடையது என்னும் எண்ணம் மொழியின் அடித்தளத்திலேயே அமைந்துள்ளது எனலாம்.

இவ்வெண்ணத்தைச் சோதிக்கும் கைவினைப் பொருள் ஒன்று உண்டு. பூஞ்சை படர்ந்து பாதி அழுகிய மரத்தை, வெடிப்பும் பொந்தும் பட்டைச் செருகலும் உள்ள மரத்தை, கடைசல் எந்திரத்தில் ஏற்றிச் சிறிய வாய் வழியாக உட்புறம் முழுவதையும் குடைந்தெடுத்து மெல்லிய ஓடாக நிறுத்தும் கலமே அது. இதில் இரண்டு புரைகள் சந்திக்கின்றன. ஒன்று மரத்தோடு வந்த புரை. மற்றொன்று கைவினைஞர் உண்டாக்கிய புரை. முன்னது குற்றம், பின்னது குடைவு.

அமெரிக்காவில் 1970களில் உருப்பெற்ற இக்கலையை 'குறையே அழகு' என்னும் ஒற்றைத் தொடரால் பாராட்டி விடுவது வழக்கமாகிவிட்டது. சப்பானியத் தேநீர்ச் சடங்கின் அழகியலைத் துணைக்கு அழைப்பதும் உண்டு. அப்பாராட்டு போதாது என்பதும், ஓரளவு தவறானது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. குறை தானாக அழகாவதில்லை. வடிவம் அதற்கு விடை கூறும்போதே அது கலையாகிறது. இதனை மார்க் லிண்ட்குவிஸ்ட், டேவிட் எல்ஸ்வொர்த் ஆகிய இருவரின் பணியை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. ஆங்கிலத்தில் 'ஸ்பால்ட்டட்' எனப்படும் மரத்தை 'பூஞ்சைவரி மரம்' என்றும், உட்புறம் குடைந்த கலத்தைக் 'குடைவுக்கலம்' என்றும் இங்கு வழங்குகிறோம்.

மரத்தினுள் நிகழ்வது

மதிப்பீட்டிற்கு முன் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். மேப்பிள், பீச், பிர்ச் முதலிய வெளிர்நிற மரங்கள் வெட்டப்பட்டோ விழுந்தோ ஈரமண்ணில் கிடக்கும்போது பூஞ்சைகள் அவற்றினுள் புகுகின்றன. அவை விளைவிக்கும் மாற்றங்கள் மூவகைப்படும். முதலாவது நிறமேற்றம், நீலம், பச்சை, சிவப்பு முதலிய சாயல்கள் மரத்தில் படிகின்றன. இரண்டாவது வெள்ளழுகல், மரத்திற்கு உறுதி தரும் லிக்னின் சிதைந்து, மரம் வெளிறி மென்மையாகிறது. மூன்றாவது கருவரிகள். இவையே இம்மரத்திற்குப் புகழ் சேர்த்தவை.

கருவரி என்பது உண்மையில் ஓர் எல்லைச் சுவர். இரண்டு பூஞ்சைக் குழுக்கள் எதிர்ப்படும் இடத்தில் ஒன்றையொன்று தடுப்பதற்காகக் கரிய நிறமியால் இச்சுவரை எழுப்புகின்றன. தன் இருப்பிடத்தை உலர்வினின்றும் பிற உயிரிகளினின்றும் காத்துக்கொள்ளத் தனியொரு பூஞ்சையே இதை எழுப்புவதும் உண்டு. மரத்தை அறுத்த பரப்பில் நமக்குத் தெரிவது வரி. மரத்தினுள் இருப்பதோ தாள் போன்ற ஒரு பரப்பு. அச்சுவர் மரத்தின் கனத்தினூடே வளைந்தும் மடிந்தும் செல்கிறது. நாம் காணும் கோடு அச்சுவரின் வெட்டுமுகம் மட்டுமே. இவ்வுண்மை குடைவுக்கலத்தின் அழகியலுக்கு இன்றியமையாதது என்பது பின்னர் விளங்கும்.

இம்மாற்றம் ஒரு நிலையில் நிற்பதன்று. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கினால் பூஞ்சையின் வளர்ச்சி நின்றுவிடும். ஈரம் தொடர்ந்து இருந்தால் மரம் முற்றிலும் மக்கி மண்ணாகும். ஆகவே கடைசலுக்கு உரிய நிலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட குறுகிய காலம். முன்னரே எடுத்தால் வரி இராது. காலம் தாழ்த்தினால் மரமே இராது. பாகு காய்ச்சுவோர் 'பதம்' என்று சொல்வதே இதற்குப் பொருத்தமான சொல். இம்மரத்தை ஆள்பவர் முதலில் பெறவேண்டிய அறிவு பதமறியும் அறிவே.

காழும் வைரமும்

தமிழ் மரபு மரத்தை மதிப்பிடும் முறையை இவ்விடத்தில் நோக்குதல் தகும். தொல்காப்பிய மரபியல் தாவரங்களை அவற்றின் வன்மை அமைந்த இடத்தைக் கொண்டு பகுக்கிறது. புறத்தே வன்மை உடையவை புல் எனவும், அகத்தே வன்மை உடையவை மரம் எனவும் அது வகுக்கிறது. இப்பகுப்பின்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினமே. மரம் என்றாலே உள்ளே காழ் உடையது என்பது பொருள். இன்றும் நாம் 'வைரம் பாய்ந்த கட்டை' என்றே உறுதியைப் புகழ்கிறோம். வைரம் ஏறாத வெளிறு இகழ்ச்சிக்குரியது. அறியாமைக்கும் 'வெளிறு' என்னும் பெயர் உண்டு.

இம்மதிப்பீடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. மேலைநாட்டுக் கடைசல் கலையும் நெடுங்காலம் இவ்வழியிலேயே நின்றது. நேரான இழையும் ஒரே சீரான நிறமும் வெடிப்பில்லாத உடலும் கொண்ட மரமே கடைசலுக்கு உரியதாகக் கருதப்பட்டது. இவ்வழியின் உச்சத்தைச் சிக்காகோவில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரெஸ்டினியின் கிண்ணங்களில் காணலாம். 1930களிலும் 1940களிலும் அவர் கடைந்த கிண்ணங்கள் பீங்கானைப் போல் மெல்லியவை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றை ஏற்றுச் சிறப்பித்தது. அவற்றில் வடிவமே பேசுகிறது. மரம் அடங்கி நிற்கிறது. குறையுள்ள மரம் அவ்வடிவத்தின் அமைதியைக் குலைக்கும் என்பதால் அதற்கு அங்கு இடமில்லை.

குறையை ஏற்கும் போக்கு மரக்கலையில் வேறொரு திசையிலிருந்தும் வந்தது. சப்பானிய அமெரிக்கரான ஜார்ஜ் நாகஷிமா அறைகலன் செய்வதற்கு முன் கட்டடக் கலைஞராகப் பணியாற்றியவர். அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தின் சார்பாக 1937 முதல் 1939 வரை புதுச்சேரியில் தங்கி, அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்த்தார். ஆசிரமத்தில் 'சுந்தரானந்தா' என்னும் பெயரையும் பெற்றார். பின்னாளில் பென்சில்வேனியாவில் அவர் செய்த மேசைகளில் மரப்பலகையின் வெடிப்பு மறைக்கப்படுவதில்லை. வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டு ஒன்று வெடிப்பின் குறுக்கே பதிக்கப்பட்டு அதனைப் பிணைக்கிறது. வெடிப்பு ஏற்கப்படுகிறது, ஆயினும் அது மேலும் விரியாதபடி கட்டப்படுகிறது. குறையை மறைத்தலுக்கும் குறையை விட்டுவிடுதலுக்கும் இடையிலான ஒரு நிலை இது. கலம் கடைபவர்க்கு இவ்வாய்ப்பு எளிதில் வாய்ப்பதில்லை. அவருடைய பலகை சுழல்கிறது. அதன் கனமோ சில மில்லிமீட்டர்.

லிண்ட்குவிஸ்டுகள்: கழிவிலிருந்து கருப்பொருளுக்கு

மெல்வின் லிண்ட்குவிஸ்ட் (1911–2000) நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியவர். உலோகத்தைத் துல்லியமாகக் கடையும் தொழிற்சாலைப் பழக்கம் அவருக்கு உண்டு. அவருடைய மகன் மார்க் லிண்ட்குவிஸ்ட் 1949இல் பிறந்தார். இளமையில் மட்பாண்டக் கலையும் பயின்ற மார்க், மட்கலத்தை நோக்கும் கண்ணோடு மரத்தை நோக்கினார். தந்தையும் மகனும் காட்டில் கிடந்த பூஞ்சைவரி மரத்தையும் மரக்கழலைகளையும் கடைசலுக்கு உரிய முதன்மைப் பொருளாக எடுத்துக்கொண்டனர். மார்க் 1977இல் 'ஃபைன் உட்வொர்க்கிங்' இதழில் பூஞ்சைவரி மரம் பற்றி எழுதிய கட்டுரை, அறுவை ஆலைகள் ஒதுக்கிய ஒரு பொருளை அமெரிக்க மரக்கலைஞர்களின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. 1986இல் வெளிவந்த அவருடைய 'ஸ்கல்ப்டிங் உட்' என்னும் நூல் அவ்வறிவை விரிவாகத் தொகுத்தது.

இங்கு நிகழ்ந்தது பொருளின் மாற்றம் மட்டுமன்று. இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்து மரப்பதிப்புக் கலைஞர்களும் பூஞ்சையால் பச்சை நிறமேறிய மரத்தைப் பயன்படுத்தியவர்களே. ஆனால் அவர்கள் அதனைச் சிறு துண்டுகளாக நறுக்கி, இலைக்கும் மலைக்கும் உரிய வண்ணமாகப் பதித்தனர். அங்குப் பூஞ்சை ஒரு சாயம். லிண்ட்குவிஸ்டுகளிடம் பூஞ்சை சாயமன்று. ஒரு கட்டையின் நோயும் உறுதியும் முழுமையாகக் கலத்தின் உடலாகின்றன. கலத்தின் ஒரு பக்கம் கல்போல் இறுகியிருக்க மறுபக்கம் நெட்டிபோல் மென்மையாக இருக்கும். உளி இரண்டையும் ஒரே சுற்றில் கடந்தாக வேண்டும். இறுகிய இடத்தில் சீவும் உளி, மென்மையான இடத்தில் இழைகளைப் பிய்த்தெறியும். இதனால் இம்மரத்தைக் கடைவோர் கூரிய உளியோடு சுழலும் உராய்வுத் தகடுகளையும் துணைக்கொள்கின்றனர். எழும் நுண்தூசி மூச்சுறுப்புகளுக்குக் கேடு விளைவிப்பதால் முகக்காப்பு இன்றியமையாதது. இக்கலங்களின் மென்மையான தோற்றம் இவ்வுழைப்பை வெளிக்காட்டுவதில்லை.

1980களில் மார்க் லிண்ட்குவிஸ்ட் மெருகை விட்டு விலகினார். சங்கிலி வாளின் தடங்களும் கருவியின் கீறல்களும் கலத்தின் மேனியில் அப்படியே விடப்பட்டன. அதுவரை மரத்தின் புரையை மட்டும் ஏற்ற கலை, கையின் வடுவையும் ஏற்கத் தொடங்கியது. இம்மாற்றத்திற்கு உள்ளார்ந்த காரணம் உண்டு என்பது எம் கருத்து. மரத்தின் காயத்தைக் காட்டிவிட்டுக் கருவியின் காயத்தை மட்டும் தேய்த்து அழிப்பது முரண். பளிங்குபோல் மெருகேறிய பூஞ்சைவரிக் கலத்தில் நோய் ஓவியமாக மாறிவிடுகிறது. அம்மெருகைத் துறந்ததன் வாயிலாக அவர் தம் முந்தைய பணியையே திறனாய்வு செய்தார் எனலாம்.

எல்ஸ்வொர்த்: காணாக் குடைவு

லிண்ட்குவிஸ்டுகள் புரையுள்ள மரத்தைக் கலையின் நடுவே கொணர்ந்தனர் எனில், டேவிட் எல்ஸ்வொர்த் குடைவையே கலையின் நடுப்பொருளாக்கினார். 1944இல் பிறந்த அவர் கொலராடோ பல்கலைக்கழகத்தில் சிற்பக்கலை பயின்றவர். 1986இல் தொடங்கப்பெற்ற அமெரிக்க மரக்கடைசலாளர் சங்கத்தின் முதல் தலைவர். 1970களின் நடுப்பகுதியில் அவர் உருவாக்கிய வளைந்த உளிகளும், 1979இல் 'ஃபைன் உட்வொர்க்கிங்' இதழில் அம்முறையை விளக்கி அவர் எழுதிய கட்டுரையும் குடைவுக்கலக் கலைக்கு வழிவகுத்தன.

கிண்ணம் கடைபவர் தாம் கடையும் இடத்தைக் காண்கிறார். குடைவுக்கலம் கடைபவர் காண்பதில்லை. கலத்தின் வாய் மிகச் சிறியது, தோளோ அகன்றது. வாயின் வழியே நுழைந்த வளைந்த உளி, தோளின் உட்புறத்தில் எங்குச் சீவுகிறது என்பதைக் கண் அறியாது. கையில் படும் அதிர்வும் காதில் விழும் ஒலியுமே வழிகாட்டிகள். சுவர் மெலிய மெலிய ஒலி மாறுகிறது. எந்திரத்தை நிறுத்தி, உள்ளே குவிந்த சீவல்களை வெளியேற்றி, அளவுக்கருவியால் கனத்தைப் பார்த்து, மீண்டும் தொடங்க வேண்டும். இறுதியில் எஞ்சும் சுவர் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். சிலவற்றில் அதனினும் குறைவு. ஈரமரத்தில் கடைந்த கலமாயின் உலரும்போது அது மெல்ல நெளிந்து தன் இறுதி வடிவத்தைத் தானே முடிவு செய்கிறது.

இம்முறையைப் புரையுள்ள மரத்தில் கையாளும்போது இடர் பன்மடங்காகிறது. சுவரில் பொந்து உள்ள இடத்தை உளி கடக்கையில் ஒரு கணம் அது வெற்றிடத்தில் இருக்கிறது; மறுகணம் மரத்தின் விளிம்பில் மோதுகிறது. ஒலியை நம்பிக் கடைபவருக்கு அவ்வொலியே உடைந்து உடைந்து வருகிறது. பட்டைச் செருகல் பிரிந்து தெறிக்கலாம். வெள்ளழுகல் பகுதி திடீரென வழிவிடலாம். பல மணிநேர உழைப்பு ஒரு நொடியில் சிதறக்கூடும். குறை இங்குப் பார்வையாளரின் இன்பத்திற்கு முன் கடைபவரின் இடராக இருக்கிறது.

இவ்விடத்தில் முன்னர்க் கூறிய எல்லைச் சுவரை மீண்டும் நினைவிற்கொள்ளல் வேண்டும். கனமான கிண்ணத்தில் சாய்வாகச் செல்லும் கருஞ்சுவர் வெளிப்புறத்தில் ஓரிடத்திலும் உட்புறத்தில் வேறோரிடத்திலும் கோடாகத் தோன்றும். இரண்டும் தொடர்பற்ற வரைவுகள்போல் இருக்கும். சுவர் 3 மில்லிமீட்டராக மெலியும்போது இவ்விரு கோடுகளும் ஏறத்தாழ ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன. கோடு மேற்பூச்சு அன்று, கலத்தின் உடலை ஊடறுத்துச் செல்வது என்பதை அப்போதுதான் கண் உணர்கிறது. அதாவது, குடைவு ஆழமாக ஆழமாகப் பூஞ்சையின் வரலாறு தெளிவாகிறது. செய்த புரை, பிறந்த புரையை விளக்குகிறது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. கலத்தின் வாய் கைவினைஞர் திறந்தது. சுவரில் உள்ள பொந்து மரம் திறந்தது. ஆகவே புரையுள்ள குடைவுக்கலத்திற்கு இரண்டு வாய்கள். ஒன்றின் வழியே புகும் ஒளி மற்றொன்றின் வழியே நமக்குத் தெரிகிறது. இருண்டு கிடக்கும் உட்புறத்தைக் காண இடம் கொடுப்பது செம்மையான வாயன்று, குறையுடைய வாயே. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவும் உயரமும் கலத்தின் பொருளைத் தீர்மானிக்கின்றன. கட்டையை எந்திரத்தில் எத்திசையில் பொருத்துவது என்னும் தொடக்க முடிவிலேயே இது அடங்கியுள்ளது.

மதிப்பீட்டிற்கான அளவுகோல்

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு மதிப்பீட்டு அளவுகோலை வகுக்கலாம். புரையுள்ள கலத்தை நோக்கும்போது நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இக்குறை இல்லாதிருந்தால் இவ்வடிவம் வேறாக இருந்திருக்குமா? 'இருந்திருக்கும்' என்பது விடையாயின், வடிவம் குறைக்கு விடை கூறியுள்ளது. 'இல்லை, இதே வடிவம்தான்' என்பது விடையாயின், குறை அங்கு அணி மட்டுமே.

இவ்வளவுகோலால் நோக்கினால் புகழ்பெற்ற சில கலங்களும் தடுமாறுவதைக் காணலாம். அட்லாண்டாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் எட் மோல்த்ராப் (1916–2003) அமெரிக்கத் தென்மாநில மரங்களில் மிகப்பெரிய கலங்களைக் கடைந்தவர். ஈரமரம் வெடிக்காதிருக்கப் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் ஊறவைக்கும் முறையை அவர் கையாண்டார். அவற்றின் அளவும் வடிவ அமைதியும் வியக்கத்தக்கவை. எனினும் கண்ணாடிபோல் மின்னும் அம்மேனியில் மரத்தின் நிறவேறுபாடுகள் வரைபடம்போல் தோன்றுகின்றன. எந்த மரத்திலும் ஏறத்தாழ அதே உருண்டை வடிவமே அமைகிறது. மரம் அவ்வடிவத்திற்கு ஆடை, அதனோடு வாதிடுவதில்லை. இது அவருடைய திறமைக் குறைவன்று. அவருடைய நோக்கமே பிரெஸ்டினியின் செம்மைக்கு அண்மையில் உள்ளது. ஆனால் அக்கலங்களையும் லிண்ட்குவிஸ்டின் கரடுமுரடான கலங்களையும் 'இயற்கையின் அழகு' என்னும் ஒரே தொடரால் பாராட்டும்போது திறனாய்வு தன் கடமையினின்று வழுவுகிறது.

பொந்துகளை வண்ணப் பிசினாலோ கல்தூளாலோ நிரப்பி மெருகிடும் இன்றைய வழக்கத்தையும் இவ்வளவுகோல் ஐயுறுகிறது. நாகஷிமாவின் பிணைப்புத் துண்டு வெடிப்பைத் தாங்குகிறது. அது செய்யும் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. நிரப்பிய பிசின் பெரும்பாலும் பொந்தைப் பொந்தாக இருக்கவிடுவதில்லை. இரண்டாம் வாயை அடைத்துவிட்டு அதன் மேல் நகையணிவிக்கிறது.

பூஞ்சையை வேண்டுமென்றே மரத்தில் செலுத்தி வரிகளை விளைவிக்கும் முறை இன்னும் கடினமான வினாவை எழுப்புகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் விரிவான ஆய்வுகள் நடந்துள்ளன. எந்தப் பூஞ்சை எந்த மரத்தில் எவ்வளவு ஈரத்தில் என்ன விளைவைத் தரும் என்பது இன்று பெரிதும் அறியப்பட்டுள்ளது. வேண்டி வரவழைத்த குறை குறையாகுமா? எம் அளவுகோல் குறையின் பிறப்பைக் கேட்பதில்லை. வடிவத்தோடு அதற்குள்ள உறவையே கேட்கிறது. ஆகவே செலுத்திய பூஞ்சையும் ஏற்கத்தக்கதே. ஆயினும், வரியின் இடத்தை முன்கூட்டியே அறிந்தவர்க்கு எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பது எண்ணத்தக்கது. எதிர்ப்பு இல்லாத இடத்தில் விடையும் இராது.

'எல்லாம் இயற்கை செய்தது. நான் வெளிக்கொணர்ந்தேன்' என்று கைவினைஞர்கள் பணிவோடு கூறுவதுண்டு. அப்பணிவைத் திறனாய்வாளர் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பதமறிந்து எடுத்தது யார்? கட்டையின் திசையை முடிவு செய்தது யார்? எந்த நொடியில் குடைவதை நிறுத்துவது என்று தீர்மானித்தது யார்? இயற்கையை அதன் போக்கில் விட்டிருந்தால் அம்மரம் மண்ணாகியிருக்கும். கலம் என்பது அழிவின் இடையே மனிதர் இட்ட நிறுத்தம்.

நம் மண்ணிலிருந்து ஒரு மறுப்பு

'குறையே அழகு' என்னும் கூற்றுக்கு நம் வட்டாரத்திலிருந்தே ஒரு மறுப்பை எழுப்பலாம். மலேசியத் தமிழரின் வாழ்வோடு நூறாண்டுக்கும் மேலாகப் பின்னிப் பிணைந்தது ரப்பர் மரம். ஏறத்தாழ 25 ஆண்டுகள் பால் தந்தபின் அது வெட்டப்படுகிறது. முன்பு பெரும்பாலும் விறகாகவும் கரியாகவும் முடிந்த அம்மரம், 1980கள் முதல் அறைகலன் தொழிலின் முதன்மையான மூலப்பொருளாயிற்று. ரப்பர் மரத்தில் தெளிவாக வேறுபட்டுத் தோன்றும் வைரப்பகுதி இல்லை. தமிழ் மரபு நோக்கில் அது வைரம் பாயாத மரம். மாவுச்சத்து மிகுந்த அதன் உடலில், வெட்டிய சில நாள்களுக்குள்ளாகவே நீலக்கறைப் பூஞ்சை படர்ந்துவிடும். அதனால்தான் அறுத்த பலகைகளை உடனடியாக அழுத்தக் கலன்களில் இட்டுப் போரான் மருந்தேற்றி, சூளையில் உலர்த்துகின்றனர். ஆலைக்குக் கறை என்பது இழப்பு. கறைபடிந்த பலகை விலை குறையும். அவ்விலையில் கூலியும் அடங்கும். லிண்ட்குவிஸ்ட் காட்டில் தேடி எடுத்ததும், ரப்பர் மர ஆலை அஞ்சி ஒதுக்குவதும் உயிரியல் நோக்கில் நெருங்கிய உறவுடையவை. ஆகவே 'குறை அழகு' என்று பொதுப்படக் கூறுவோர் யாருக்கு அழகு, யாருக்கு இழப்பு என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும். இழப்பை அறியாத பாராட்டு மெலிந்த பாராட்டே.

இதற்கு மறுதலையான சான்றும் இம்மண்ணிலேயே உண்டு. அகில் தரும் மரத்தை மலாய்மொழியில் 'காராஸ்' என்பர், விளைபொருள் 'காஹாரு'. நோயற்ற காராஸ் மரம் வெளிறிய, எடை குறைந்த, மணமற்ற மரம். காயம்பட்டுப் பூஞ்சை புகும்போதுதான் மரம் தற்காப்பாகக் கரிய பிசினைச் சுரக்கிறது. அதுவே மணமுள்ள அகில். கொண்டல் காற்றோடு வந்த பொருள்களுள் அகிலும் ஒன்றாகச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் இடம்பெறுகிறது. வைரத்தைப் போற்றிய அதே மரபு, நோயினால் விலைபெற்ற மரத்தையும் அறிந்திருந்தது. அம்மதிப்பின் விளைவாக மரமே அருகியது. மலாக்கா அகில் மரம் 1995 முதல் அனைத்துலக வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. குறையைப் போற்றுவதும் குற்றமற்ற செயலன்று என்பதை இது உணர்த்துகிறது. மேலும், அகிலில் புரை மணமாகிப் புகையாகி மறைகிறது. குடைவுக்கலத்தில் புரை வடிவமாகி நிற்கிறது. போற்றுதல் இரண்டிடத்தும் உண்டு. விடை கூறுதல் பின்னதில் மட்டுமே உண்டு.

முடிவுரை

தொல்காப்பியப் பகுப்பிற்குத் திரும்புவோம். மரம் என்பது அகத்தே காழுடையது. குடைவுக்கலம் கடைபவர் நீக்குவது அந்த அகத்தையே. எஞ்சுவது புறம், அதன் வன்மை முழுவதும் வளைந்த மெல்லிய ஓட்டில் இருக்கிறது. கடைந்து முடிந்தபின் மரம் மூங்கிலின் இயல்பை அடைகிறது. பூஞ்சை ஏற்கெனவே உள்வன்மையைக் குலைத்த மரத்தில் இது நிகழும்போது, இழப்பதற்கு வைரம் இல்லாத ஒன்று வடிவத்தால் மட்டுமே நிற்கக் கற்றுக்கொள்கிறது. இக்கலையின் தகுதி இதில் உள்ளதேயன்றி, அழுகலின் வண்ணத்தில் இல்லை.

மரக்கலம் என்னும் சொல் தமிழில் கப்பலைக் குறிக்கும். கப்பலில் சிறு புரை இருந்தாலும் அது மூழ்கும். இங்கு நாம் கண்ட மரத்தாலான கலங்களில் நீர் நில்லாது; தானியமும் நில்லாது. பயன்பாட்டைத் துறந்த கலத்திடம் நாம் எதிர்பார்க்கக்கூடியது நேர்மை ஒன்றே. தன் குறையை மறைக்காமலும், அதனை நகையாக அணியாமலும், அதன் பொருட்டுத் தன் வடிவத்தை மாற்றிக்கொண்ட கலம் அந்நேர்மையை உடையது. லிண்ட்குவிஸ்ட், எல்ஸ்வொர்த் ஆகியோரின் சிறந்த கலங்கள் இவ்வகையின. புரை என்னும் சொல்லுக்குத் தொல்காப்பியம் கூறும் உயர்வு என்னும் பொருள், துளைக்கும் குற்றத்திற்கும் அருகே வந்து நிற்கும் இடம் இதுவாகலாம்.